தாத்தாவின் இழைப்புளி

‘தாத்தா காலத்து மர இழைப்புளி துருவேறிக் கிடக்கிறது. மண்வெட்டிப் பிடி இழைக்க உதவுமா, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?’ சிவகாசி பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது.

போட வேண்டாம். கட்டையின் பின்முனையைக் கொட்டாப்புளியால் தட்டினால் ஆப்பு தளரும். அலகை மட்டும் ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். கட்டையை நனைக்காதீர்கள்; ஊதிவிடும். அடிப்பாகம் தேய்ந்திருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்க்கலாம். அப்போது அலகு உள்ளிழுத்து, ஆப்பு இறுகியே இருக்கட்டும். ஆப்பின் அழுத்தத்தில் கட்டை சற்று வளையும் என்பதால் இது அவசியம்.

கூர் தீட்டுவதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். மோட்டார் சாணையில் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாரிக்கும். பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து பொறி. பட்டாசு மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவியே கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டாசு, தீப்பெட்டி வேலை நடக்கும் வீட்டருகிலோ வைக்கோல் படப்பருகிலோ சாணை ஓட்டாதீர்கள்.

எண்ணெய்க் கல்லில், 25 முதல் 30 டிகிரி சாய்வில், கையால் தீட்டினால் போதும். அலகின் பின்புறத்தையும் கல்லில் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். காய்ந்த வாகைக் கட்டையில் இழைத்துப் பாருங்கள். சீவல் சுருண்டு வந்தால் சரி. தூளாக உதிர்ந்தால் மறுபடியும் கல்லுக்கே போங்கள்.