தோட்டாவில் மிச்சம், பிள்ளை ரத்தத்தில் ஈயம்

1/ அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் பலர், சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி தோட்டா தயாரிக்கிறார்கள். "காசு மிச்சம் டாக்டர்"னு பெருமை வேற.

2/ அந்தக் கணக்குல ஈயத்தை எழுதினீங்களா? சுட்ட கூட்டுக்குள்ள படிஞ்ச கரியில் ஈயம் இருக்கு. கூடுகளைச் சுத்தம் செய்யும்போது தூசியாப் பறக்கும். உங்க கையில, சட்டையில, கார்ப்பெட்டுல ஒட்டும். அந்தக் கார்ப்பெட்டுல தவழ்றது உங்க குழந்தை.

3/ குழந்தைக்கு 'இவ்வளவு ஈயம் பரவாயில்லை'ன்னு ஒரு அளவே கிடையாது. டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கணும்னு சொல்லுது அந்நாட்டு சிடிசி. மூளைக்கு நடந்த சேதத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது.

4/ செஞ்சே தீருவேன்னா, சமையலறை மேசையில வேண்டாம். போட்ட துணியைத் தனியாத் துவைங்க. குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் எவ்வளவுன்னு பாருங்க. மிச்சக் கணக்கை அப்புறம் பேசுவோம்.