வனச்சாலையும் மிதிவண்டியும்

நுழையும்முன்

சாலை மனிதர் அமைத்தது. அது ஊடறுத்துச் செல்லும் காடு மனிதருக்கு மட்டும் உரியதன்று. புகையும் இரைச்சலும் இல்லாத மிதிவண்டிக்கு வனச்சாலையில் இடம் தரலாமா? தரலாம் எனில், எந்த எல்லைவரை தரலாம்? திருப்பூரையும் அதன் தென்னெல்லைக் காடுகளையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரின் ஏக்கம்

திருப்பூர்த் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டை, பின்னலாடை மொத்த வணிகத்திற்குப் பெயர்பெற்றது. பனியன் கட்டுகளை ஏற்றியிறக்கும் சரக்கு வண்டிகளும், பல மாநிலங்களிலிருந்து வரும் வணிகரும் அதன் தெருக்களை நிறைத்திருப்பர். வாரத்தின் ஆறு நாள்களும் இயந்திர ஒலிக்கு நடுவே உழைக்கும் நகரம், ஏழாம் நாளில் மரநிழலையும் தூய காற்றையும் தேடுவது இயல்பே. ஒரு காலத்தில் தொழிலாளரைத் தொழிற்கூடத்திற்குச் சுமந்துசென்ற மிதிவண்டி, இன்று உடல்நலத்திற்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் நெடுந்தொலைவு ஓட்டப்படும் ஊர்தியாகவும் விளங்குகிறது.

காதர்பேட்டையிலிருந்து தெற்கு நோக்கிப் பல்லடம் வழியாகச் சென்றால், காற்றாலைகள் சுழலும் சமவெளியைக் கடந்து உடுமலைப்பேட்டையை அடையலாம். அங்கிருந்து ஒரு சாலை திருமூர்த்தி மலையடிவாரத்திற்கும், மற்றொன்று அமராவதி அணைப் பகுதி வழியாகச் சின்னாறு, மறையூர், மூணாறு எனக் கேரளத்திற்கும் செல்கின்றன. மூணாற்றுச் சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்தின் வழியே சென்று, மாநில எல்லைக்கு அப்பால் சின்னாறு வனவிலங்கு உய்விடத்தினுள் நுழைகிறது. இருபுறமும் முள்மரங்கள் நிறைந்த மழைமறைவுக் காடு, தொலைவில் நீலம் பூத்த மலைத்தொடர், இடையிடையே காட்டாறுகள். மிதிவண்டி ஓட்டுவோர் உள்ளத்தை ஈர்க்க இவற்றினும் மேலாக வேறென்ன வேண்டும்?

பொதுநிலம் என்பதன் பொருள்

காடு அரசுக்குரிய பொதுநிலம். எனவே குடிமக்கள் அனைவருக்கும் அதில் உரிமை உண்டு என்பது ஒருசாரார் வாதம். இவ்வாதத்தில் உண்மை இருப்பினும் முழுமை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், உய்விடங்களுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் அதன் வழியே செல்லும் பொது நெடுஞ்சாலையில் பயணம் செய்வோருக்கு விலக்கு அளிக்கிறது. ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், சுற்றுலா முதலிய நோக்கங்களுக்காக உள்ளே செல்வோர் உரிய அனுமதி பெறவேண்டும் என்றும் அது கூறுகிறது. சாலையில் கடந்துசெல்வது வேறு. காட்டினுள் தங்கித் திரிவது வேறு என்னும் வேறுபாட்டைச் சட்டமே வரைந்து வைத்துள்ளது.

இப்பொதுநிலத்தில் மனிதருக்கு முன்பே வழி கண்டவை யானைகள். கோடையில் காட்டோடைகள் வறண்டதும், அமராவதி நீர்த்தேக்கத்தை நாடி அவை கூட்டங்கூட்டமாக இறங்கி வருகின்றன. அப்போது உடுமலை – மூணாறு சாலையைக் கடப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. தளிஞ்சி, குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு முதலிய மலைக்குடியிருப்புகளில் வாழும் பழங்குடி மக்களுக்கும் இக்காடே வாழிடம். நோயாளியைத் தோளில் சுமந்து மலையிறங்கும் துயரை அறிந்த அம்மக்களுக்குப் பாதை என்பது பொழுதுபோக்கன்று, உயிர்க்காப்பு. ஆகவே, வனச்சாலையைப் பற்றிச் சிந்திப்போர் இவ்விரு சாராரின் தேவையையும் முதலில் வைத்து, ஓய்வு நாளில் வந்துபோவோரின் விருப்பத்தை அதற்கடுத்தே வைத்தல் வேண்டும்.

மிதிவண்டியின் நன்மை

வனச்சாலைகளுக்கு உண்மையான சுமையாக இருப்பவை இயந்திர ஊர்திகளே. அவற்றின் வேகத்தில் மானும் சிறுத்தையும் அடிபடுகின்றன; இரவில் முகப்பு விளக்கின் ஒளி விலங்குகளைத் திகைத்து நிற்கச் செய்கிறது; ஒலிப்பான் ஓசை கூட்டங்களைப் பிரிக்கிறது. இக்காரணங்களாலேயே பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை நடைமுறையில் உள்ளது. 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையை உள்ளடக்கிய பண்ணாரி – காரப்பள்ளம் சாலையிலும், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022 பிப்ரவரியில் இரவுக் கட்டுப்பாடு செயலுக்கு வந்தது.

இவற்றோடு ஒப்பிட்டால் மிதிவண்டி எளிமையானது. அது எரிபொருளை உண்பதில்லை, புகையைக் கக்குவதில்லை, அகன்ற சாலையையும் கேட்பதில்லை. மகிழுந்தின் கண்ணாடிக்குள் அமர்ந்து விரைவோர் காணாத சிற்றுயிர்களையும், கேளாத பறவை ஒலிகளையும் மிதிவண்டியில் செல்வோர் உணர்கின்றனர். ஓரிடத்தை மெல்லக் கடப்போருக்கே அவ்விடத்தின் மீது பற்று ஏற்படும். காட்டைக் கண்டறியாத தலைமுறை, காட்டுக்காக வாதிட முன்வருமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஓசையின்மை என்னும் இடர்

எனினும், மிதிவண்டியின் பெருமையாகக் கூறப்படும் அமைதியே காட்டில் அதன் பெருங்குறையாகவும் மாறக்கூடும். பேருந்தின் உறுமலைத் தொலைவிலேயே கேட்டு விலகும் யானை, ஒலியின்றி வளைவில் திரும்பும் மிதிவண்டியை அறியாது. இறக்கத்தில் விரைந்து வருபவரும் யானையைக் கண்டபின் நிறுத்துவதற்குப் போதிய தொலைவு பெறுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் திடுமெனக் காணும் அந்நொடி, இருவருக்கும் கேடானது.

இது வெறும் அச்சமன்று. 2016 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுப்பாதையில் விரைந்து சென்ற மிதிவண்டி ஓட்டுநர் ஒருவர், வளைவில் எதிர்ப்பட்ட பெருங்கரடியின் மீது மோதினார். அக்கரடியின் தாக்குதலில் உயிரிழந்தார். நிகழ்வை ஆராய்ந்த குழு, மிகுந்த வேகத்தையும் பாதையின் முன்பகுதி கண்ணுக்குத் தெரியாதிருந்ததையும் சுட்டிக்காட்டியது. கரடிக்கும் மனிதருக்கும் இடையே பகை இல்லை. இருவருக்கும் விலகுவதற்கான நேரமே இல்லாமற்போயிற்று.

மற்றுமொரு முரணும் உண்டு. மிதிவண்டி ஓட்டுவோர் பெரிதும் விரும்புவது வைகறைப் பொழுது. வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை. யானை, காட்டெருது, சிறுத்தை ஆகியவை மிகுதியாக நடமாடுவதும் வைகறையிலும் அந்தியிலுமே. இருதரப்பும் ஒரே பொழுதை விரும்பும்போது விட்டுக்கொடுக்கக் கூடியவர் யார்? விலங்கு தன் இயல்பை மாற்றிக்கொள்ள இயலாது. மனிதர் தம் புறப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள இயலும்.

பழந்தமிழர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். ஆற்றுப்படை என்பதே வழிகாட்டும் இலக்கியம். அவ்வகையைச் சார்ந்த மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் வளத்தை மட்டும் கூறி அமையவில்லை. விலங்குகளாலும் பாம்புகளாலும் பொறிகளாலும் நேரக்கூடிய இடர்களையும் எடுத்துரைத்து, இரவைத் தங்கிக் கழித்து விடிந்தபின் செல்லுமாறு அறிவுறுத்துகிறது. வழியைக் காட்டுவோர் அதன் எல்லையையும் காட்டுதல் வேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியுள்ளது.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், இளவேனில் தொடக்கத்தில் பனி அகற்றப்பட்ட சில சாலைகளைப் பொதுமக்களின் மகிழுந்துகளுக்குத் திறப்பதற்கு முன்பு, சில வாரங்கள் மிதிவண்டிகளுக்கு விடுகின்றனர். ஆயினும், கரடி, ஓநாய் முதலியவற்றிடமிருந்து 100 கஜமும் ஏனைய பெருவிலங்குகளிடமிருந்து 25 கஜமும் விலகி நிற்கவேண்டும் என்னும் விதி மிதிவண்டியினருக்கும் பொருந்தும். சயான் தேசியப் பூங்காவில் 2000ஆம் ஆண்டு முதல் பள்ளத்தாக்குச் சாலையில் ஆண்டின் பெரும்பகுதி தனியார் மகிழுந்துகளைத் தவிர்த்துப் பொதுப் பேருந்துகளை இயக்குகின்றனர். மிதிவண்டிக்கு அங்கே இடம் உண்டு. அதே நாட்டில், 1964ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டத்தால் காக்கப்படும் பகுதிகளில் மிதிவண்டிக்கும் இடமில்லை.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘மிதிவண்டி நல்லதா, தீயதா’ என்று எங்கும் கேட்கப்படவில்லை. ‘எந்த இடத்தில், எந்தப் பொழுதில், எந்த அளவில்’ என்றே கேட்கப்பட்டுள்ளது.

வேண்டிய ஒழுங்கு

திருப்பூர்ப் பகுதிக்கும் அத்தகைய ஒழுங்கே வேண்டும். முதலாவதாக, காட்டிற்கு வெளியே வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே செல்லும் அடிவாரச் சாலைகளை மிதிவண்டிக்கு உரியனவாக வளர்த்தெடுக்கலாம். சாலையோரத்தில் தனித்தடம், குடிநீர், நிழல் ஆகியவற்றை அமைத்தால், பெரும்பாலோரின் விருப்பம் அங்கேயே நிறைவேறும்.

இரண்டாவதாக, காட்டின் ஊடே செல்லும் பொதுச்சாலையில் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் மிதிவண்டிப் பயணத்தைத் தவிர்க்கவேண்டும். யானைகள் நீர் தேடி இறங்கும் கோடை மாதங்களில் அதனை முற்றிலும் நிறுத்தவேண்டும். மழை ஓய்ந்த மார்கழியும் தையும் இதற்கு ஏற்ற காலம். தனித்துச் செல்லாமல் சிறு குழுவாகச் செல்லுதல், சோதனைச்சாவடியில் பதிவு செய்தல், வளைவுகளில் மணியொலித்து மெல்லச் செல்லுதல், இறக்கத்தில் வேகம் குறைத்தல், உணவையும் நெகிழியையும் வீசாதிருத்தல் ஆகியவை கட்டாயமாதல் வேண்டும். சாலையைக் கடக்கும் நட்சத்திர ஆமைக்கு மிதிவண்டிச் சக்கரமும் கூற்றுவனே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, அக்காலத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறன்று காலை 8 மணி முதல் 11 மணிவரை சுற்றுலா மகிழுந்துகளை நிறுத்திவைத்து, வனத்துறையினரின் துணையோடு மிதிவண்டிகளை அனுமதிக்கலாம். பேருந்து, மருத்துவ ஊர்தி, மலைவாழ் மக்களின் வண்டி ஆகியவற்றுக்குத் தடை இருத்தலாகாது. வழித்துணையாகப் பழங்குடி இளைஞரை ஊதியத்துடன் அமர்த்தினால், காட்டை அறிந்தவரின் அறிவும் மதிக்கப்படும். அவர்தம் வாழ்வும் சிறக்கும்.

நான்காவதாக, சாலையை விட்டு விலகிக் காட்டினுள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் ரோந்துப் பாதைகளும் மிதிவண்டிக்கு எக்காலத்தும் திறக்கப்படலாகாது.

எல்லையும் வளர்ச்சியும்

‘இத்தனைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு மிதிவண்டி ஓட்டுவதில் என்ன இன்பம்?’ எனச் சிலர் கேட்கலாம். கட்டுப்பாடு வளர்ச்சிக்குப் பகை என்னும் எண்ணத்தைத் திருப்பூரின் வரலாறே மறுத்துள்ளது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு நிறம் மாறியபோது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தொழில் அழிந்துவிடும் என்று அப்போது பலர் அஞ்சினர். கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறிக்கொண்டது. பின்னலாடை வணிகமும் நிலைத்தது. ஆற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பெரும் இழப்புக்குப் பின்னரே உணர்ந்த நகரம், காட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இழப்புக்கு முன்னரே உணர்தல் நன்று.

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கும் அரசுப் பள்ளி மாணவர், அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியைப் பெறுகின்றனர். அம்மிதிவண்டி பள்ளிக்கு மட்டும் இட்டுச்செல்லும் ஊர்தியன்று. தம் மண்ணையும் மலையையும் நேரில் அறிவதற்கான கருவியுமாகும். அதில் ஏறிப் புறப்படும் இளையோர், சோதனைச்சாவடியின் தடுப்புக் கம்பத்தைத் தம் உரிமையைப் பறிப்பதாக எண்ணாமல், அப்பால் வாழும் உயிர்களின் வீட்டு வாயிலாகக் கருதவேண்டும். யானைக்கூட்டம் சாலையைக் கடக்கும் நாளில், அவ்வாயிலில் காத்திருப்பதும் திரும்பி வருவதும் பயணத்தின் ஒரு பகுதியே ஆகும்.