பொழுது சாய்வதற்குள்

கோபம் கூடாது என்று உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பின்னால் யாராவது, "ஆசாமி கோபத்தில் எழுதியிருக்கிறார்" என்று கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

சென்ற மாசியில் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தலை தொங்கிவிட்டது. மேலே மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கிறது. ஏணி சார்த்திப் பறித்துப் பாயில் கொட்டி உலர்த்துகிறார்கள். ஊர் முழுவதும் காரமான வாசனை. அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ஜெபக் கூட்டம். கீழேயிருந்து வந்திருக்கும் ஒரு கனவான் "கோபத்தை வெல்வது எப்படி?" என்று பேசப்போகிறார் என்றார்கள். வேறு வேலை இல்லாததால் நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கனவான் நல்லவர்தான். குரலும் அந்த மலைத் தேனைப் போல இனிமை. கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள் என்றார். குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள் என்றார். அந்த இடத்தை விட்டு எழுந்து மற்றோர் அறைக்குப் போய்விடுங்கள் என்றார். தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் மற்றோர் அறை உண்டு என்பதை அவர் விசாரிக்கவில்லை. கடைசியாக, கோபம் என்பது பிசாசின் கருவி, கிறிஸ்தவன் எந்தக் காரணத்தைக் கொண்டும் கோபப்படக் கூடாது என்று முடித்தார்.

இதோடு போயிருந்தால் நானும் பேசாமல் இறங்கி வந்திருப்பேன். ஆனால் கூட்டத்துக்கு ஒரு பின்னணி இருந்தது. முதல் வரிசையில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவள் சந்தையில் ஒரு மிளகு வியாபாரியின் தராசைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியிருக்கிறாள். வீட்டில் 30 கிலோ நிறுத்துக் கொண்டுவந்த மிளகு அவருடைய தராசில் 27 ஆகிவிட்டது. மூன்று வருஷமாக இதே கதை. வியாபாரி கோபப்படவில்லை, புன்சிரிப்போடு நின்றார். "பாட்டிக்கு வயசாகிவிட்டது" என்றார். அவர் சபைக்கு வேண்டியவர். அன்று போட்டிருந்த நாற்காலிகள் அவர் கொடுத்தவை. ஆகையால் சமாதானம் செய்துவைக்கும் பொறுப்பைக் கனவான் ஏற்றுக்கொண்டார். சமாதானத்துக்குக் கிழவியை மட்டும் அழைத்திருந்தார்கள். அவள் கொடுத்த பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் பைபிள் வகுப்பில் உட்கார்ந்தவன். பரீட்சைக்காகப் படித்ததுதான், என்றாலும் சில விஷயங்கள் மறக்கவில்லை. மறக்காதவற்றில் ஒன்று மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் சூம்பிப்போன கையோடு ஒருவன் இருக்கிறான். அவனை இயேசு குணமாக்குவாரா, குணமாக்கினால் ஓய்வுநாளை மீறினார் என்று குற்றம் சாட்டலாமே என்று சிலர் காத்திருக்கிறார்கள். இயேசு அவர்களைச் சுற்றிலும் பார்க்கிறார். கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு நேராகவே எழுதியிருக்கிறார். ஆலயத்தில் சாட்டை எடுத்த சம்பவத்தில்கூட இந்தச் சொல் வராது. அவர்களுடைய மனம் கல்லாகிவிட்டதே என்ற துக்கமும் அந்தப் பார்வையில் சேர்ந்திருந்ததாம். பிறகு கையை நீட்டு என்கிறார், கை சரியாகிறது. இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் கோபத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அன்றைக்கே சங்கடம் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது!

அந்தக் கோபத்தில் ஒருவனுக்கும் அடி விழவில்லை. ஒரு கை திரும்பக் கிடைத்தது. அவ்வளவுதான்.

"அது ஆண்டவருடைய கோபம், மனிதனுக்கு ஆகாது" என்று பதில் வரும். வரட்டும். அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். பிலிப்பி நகரத்தில் பவுலை விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள், "போகலாம்" என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. ரோமப் பிரஜையைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். வந்தார்கள். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவரோ, பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் அறைந்தபோது, நான் பேசியதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் பதினெட்டாம் அதிகாரம். இதை வைத்து ஒரு பிரசங்கமாவது நான் கேட்டதில்லை.

எதிர்க்கட்சிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. மலைப்பிரசங்கத்தில் சகோதரனைக் கோபித்துக்கொள்வதைக் கொலையோடு சேர்த்தே பேசியிருக்கிறது. நம் பழைய தமிழ் பைபிளில் அந்த இடத்தில் "நியாயமில்லாமல்" என்று ஒரு சொல் உண்டு. நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவன்தான் குற்றவாளி. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அந்தச் சொல் இல்லை என்று பண்டிதர்கள் சொல்கிறார்கள். புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். என் கட்சிக்கு நஷ்டம்தான். மறைப்பானேன்? கோபத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வீட்டில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் அடித்துவிட்டு, "இயேசு சாட்டை எடுக்கவில்லையா?" என்று கேட்கும் பேர்வழிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மோசேயின் கதையைச் சொல்லவேண்டும். அத்தனை வருஷம் ஒரு ஜனத்தைச் சுமந்து நடத்திவிட்டு, ஆத்திரத்தில் ஒரு பாறையை இரண்டு தடவை அடித்தார். கானானுக்குள் கால் வைக்க முடியாமல் போயிற்று.

கோபம் அபாயமான சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரிடம் இருக்கும்போது அபாயம் என்பதில்தான் தகராறு. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை ஆரம்பிக்கும்போதே, கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குபவனைத்தான் அடக்கமுள்ளவனாக ஒப்புக்கொள்கிறார். (அடுத்த குறளில் பலிக்காத இடத்திலும் அது தீமைதான் என்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.) நம் உபதேசிகள் பலிக்கிற இடத்துக்குப் போவதேயில்லை. எஜமானனுடைய கோபத்துக்கு நம் ஊரில் கண்டிப்பு என்று பெயர், மாமியாருடையது அனுபவம், அதிகாரியுடையது நிர்வாகத் திறமை. வேலைக்காரிக்கும் மருமகளுக்கும் மிளகு விற்கும் கிழவிக்கும் வரும்போதுதான் அது பாவமாகிறது. உபதேசமும் உடனே கிளம்பிவிடுகிறது.

வாசகர்களில் சிலர், "கொல்லிமலைக் கிழவியின் மூன்று கிலோ மிளகுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். அந்த மிளகைத்தான் ஐயா நீங்களும் நானும் ரசத்தில் போட்டுக் குடிக்கிறோம்.

கனவான் அறிந்திருக்கவேண்டிய ஒரு கதை அதே மலையில் இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி 1913-ல் ஈவ்லின் என்ற லண்டன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, கொல்லிமலை வாழவந்தியில் குடியேறினார். அடுத்த வருஷம் பிறந்த மூத்த பிள்ளைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கை வைத்தியர் பால் பிராண்ட். 1929-ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அம்மாள் ஊழியத்தை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்தபிறகும், சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினாள். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. இவர்களுடைய மதமாற்ற வேலையைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். இங்கே எனக்கு அது வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது ஒரு புழு.

அந்த நாளில் மலையில் நரம்புச் சிலந்தி என்ற வியாதி சர்வசாதாரணம். காலில் கொப்புளம் உடைந்து, நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். முழங்கை நீளத்துக்கு மேலும் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே நின்ற பாதி அழுகிக் கால் சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி அதை ஒரு சிறு குச்சியில் சுற்றி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பதைச் சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். கோபத்தைக் கையாளும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. வெடுக்கென்று இழுக்கவும் கூடாது, உள்ளேயே விடவும் கூடாது.

ஆனால் குச்சியோடு கதை முடியவில்லை. காலில் புழு எப்படி வந்தது? கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீர் மொள்ளுகிறவனுடைய புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீருக்குள் போகின்றன. குடிக்கிறவனுடைய காலில் ஒரு வருஷத்துக்குப் பிறகு தலை நீட்டுகின்றன. ஆயிரம் பேர் காலில் ஆயிரம் குச்சிகளைச் சுற்றினாலும் வியாதி ஒழியாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள். கால் வைத்து இறங்க முடியாதபடி கிணறுகளைத் திருத்தினார்கள். 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் அந்தப் புழு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2000-ல் அத்தாட்சி கொடுத்தது. நம் கனவானோ கிழவியின் காலை மட்டுமே பார்த்தார். கிணறு அந்த வியாபாரியின் தராசில் இருந்தது.

பிள்ளையின் கதை இதைவிட விசேஷம். பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளை ரண சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆம், சூம்பின கைகள்தான்! விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று வருஷக்கணக்காகத் தேடினார். நோய் தானாக விரலைத் தின்பதில்லை. வலி தெரியாமல் போவதால்தான் விரல் போகிறது என்று கண்டார். அடுப்பில் கை வேகும், தெரியாது. ராத்திரி தூக்கத்தில் எலி கடிக்கும், தெரியாது. விழித்துப் பார்த்தால் ஒரு கணு குறைந்திருக்கும். எலிக்கு மருந்தாக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். 1966-ல் அவர் அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலியைத் தெரிவிக்கும் செயற்கைக் கையுறை ஒன்றைச் செய்துபார்த்தார்கள். அழுத்தம் அதிகமானால் முதலில் காதில் ஒலி. நோயாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை என்றதும் மின்சார அதிர்ச்சி. கடைசியில் அந்த முயற்சியைக் கைவிடவேண்டியதாயிற்று. செய்துகொண்டிருக்கும் வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றியபோதெல்லாம் நோயாளிகள் ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள்!

இந்த ஸ்விட்சைத்தான் நம் கனவான்கள் ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். அநியாயம் கடிக்கும்போது சுரீர் என்று தெரிவதற்குக் கோபம் என்று பெயர். அதை அணைத்துவிட்டு, "பார், எவ்வளவு சமாதானமாக இருக்கிறாள்" என்று மகிழ்ந்து போகிறார்கள். எலி அதன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோபமே இல்லாத முகத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்குக் கொல்லிமலைக்காரர்கள் பழைய எச்சரிக்கை ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த மலையின் பாவை, வருகிறவனைப் பார்த்துச் சிரித்துத்தான் கொன்றதாம்.

இனி கிழவியின் பதில். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கனவான் அவளைப் பக்கத்தில் அழைத்து, "சூரியன் அஸ்தமிப்பதற்குள் கோபம் தீரவேண்டும் பாட்டி, வேதத்திலேயே இருக்கிறது" என்றார். எபேசியர் நிருபத்தில் இருப்பது உண்மைதான். கோபம் வரலாம், ஆனால் பாவத்தில் போய் விழக் கூடாது என்று அதற்கு முன்னால் பவுல் எழுதியிருப்பதை அவர் சொல்லவில்லை.

கிழவி கொட்டகைக்கு வெளியே மேற்கே பார்த்தாள். வெயில் இன்னும் மரங்களின் தலையில் இருந்தது.

"சரிங்க ஐயா, தீர்த்துக்குவோம். பொழுது சாய இன்னும் ரெண்டு நாழி இருக்குதுங்க. அந்த ஆளைத் தராசை எடுத்துக்கிட்டு இங்கே வரச் சொல்லுங்க. மூணு வருசத்துக் கணக்கு, நான் மிளகுச் சாக்கைக் கொண்டாறேன்" என்றாள்.

கனவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே இறங்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.