அரசாணையைப் படிக்காத கண்டனம்

புதுமைப்பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பது வெறும் ஓட்டு அரசியல், படிக்கிற பெண் இந்தப் பணம் இல்லாமலும் படிப்பாள், இதைத் தொழிற்பயிற்சிக்குச் செலவிட்டிருக்கலாம் என்று ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. கடைசியிலிருந்தே தொடங்குகிறேன். ஐடிஐ, டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கும் இந்த 1,000 ரூபாய் 2022 செப்டம்பரில் திட்டம் தொடங்கியதிலிருந்தே உண்டு. அரசாணையைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் ஏழைப் பெண்களின் கையிலுள்ள பணத்தைப் பிடுங்கச் சொல்வது பொறுப்பற்ற வேலை.

படிக்கிறவள் எப்படியும் படிப்பாளாம். யார் அவள்? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவள். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், விடுதியில் மெஸ் பில் என்று வருடம் முழுக்கப் பணம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு, அவள் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுக்காமல் போகும் கூலி. திண்டுக்கல், ஈரோடு பக்கம் பிளஸ் டூ முடித்த பெண்ணை ஏற்றிப்போக மில் வேன் ஊருக்குள்ளேயே வருகிறது. அந்த வேனுக்கு எதிராக மாதா மாதம் அவளுடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகிற பணம் இது. வீட்டில் அவள் பேச்சுக்குக் கொஞ்சம் எடை கூடுகிறது.

இந்தத் திட்டத்துக்கு முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவி. எட்டு கிராம் தங்கமும், பத்தாவது முடித்தவளுக்கு 25,000 ரூபாயும், பட்டமோ டிப்ளமோவோ முடித்தவளுக்கு 50,000 ரூபாயும் கிடைத்தன. படிப்பையும் அது கணக்கில் எடுத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பணம் கைக்கு வந்தது கல்யாணத்தை ஒட்டித்தான். தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்ற நாளில் அது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடுதான் முன்னால் நிற்கிறதே, இன்னும் எதற்கு என்ற கேள்வியும் வருகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி இந்தியச் சராசரி 28.4 சதவீதம், தமிழ்நாடு 47 சதவீதம். அந்த 47 தானாக விளைந்ததல்ல. சத்துணவு, பஸ் பாஸ், இடஒதுக்கீடு, பொறியியல் நுழைவுத்தேர்வை ஒழித்தது என்று அரசு பல ஆண்டுகள் காசும் சட்டமும் போட்டு எழுப்பியது. மீதிப் பாதிக்கு மேல் வெளியே நிற்கும்போது கையை விரிக்கச் சொல்கிறவர்கள், தங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவை மட்டும் முதலீடு என்கிறார்கள்.

உண்மையில் குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. அதை அவர்கள் பார்க்கவே இல்லை. தொலைதூரக் கல்வியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. கல்யாணத்தால் படிப்பை விட்டு, குழந்தை வளர்ந்தபின் திரும்பி வருகிற பெண்ணுக்கு வசப்படும் வழி பெரும்பாலும் அதுதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் வயது வந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். வயது வந்தவர்களின் படிப்பு என்றால் என்னவென்று தெரிந்த மாநிலம் இது. 1,000 ரூபாயை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த விலக்கை அரசாணையிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.