கையெழுத்துப் போடுமுன்…



என் அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். 2016 அக்டோபரில் தறிக்கு உதிரிச் சாமான் கடனுக்கு வாங்கினார். பில் 18,400 ரூபாய். அடுத்த மாதமே ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றானது, பாவு வரத்து குறைந்தது, பாக்கி நின்றுபோச்சு. பிற்பாடு கடையையும் மூடிவிட்டார்கள்.

போன ஆடி மாதம் அந்தப் பில்லோடு இரண்டு பேர் வந்தார்கள். வட்டியோடு 60,000 ஆம்! தெருவே கேட்கும்படி பேசினார்கள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம் குரல் தாழ்ந்தது. "சரிங்க, மெதுவாவே குடுங்க. தர்றேன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அப்பா பேனாவை வாங்கிவிட்டார். "படிச்சுப் பாத்துட்டு நாளைக்குப் போடறமுங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். படித்த திமிர் என்றார்கள். இருக்கட்டும்!

மறுநாள் கோவை கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனோம். (15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.) அங்கேதான் விளங்கியது. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரி பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் கடன்பட்டவர் எழுதி ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். காலம் தாண்டிய பிறகும் 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி அது செல்லும்! செத்துப்போன 18,400-ஐ 60,000-மாக எழுப்ப வந்த பேனா அது.

வங்கி, பைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டது. கடை பில்லுக்கு அது வராது. ஆனால் மிரட்டினால், யாராயிருந்தாலும் போலீசுக்குப் போகலாம்.

மைக்ரோமீட்டர் பார்க்க நமக்குக் கற்றுத் தருகிறார்கள். ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்க்க எந்த செமஸ்டரில் கற்றுத் தருகிறார்கள்? வீட்டில் முதல் ஆளாய்ப் படிக்க வந்த நம்மைத்தானே அப்பா அம்மா நம்பியிருக்கிறார்கள்?

இனி கொடுக்க வேண்டாம் என்றேன் நான். அப்பா கேட்கவில்லை. "கோர்ட்டு தள்ளுனாலும் வாங்குனது வாங்குனதுதானே கண்ணு!" எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இருவரிடம் கடைக்காரர் கொடுத்த கடிதம் எதுவும் இல்லை. அதனால் அப்பா கடைக்காரர் வீட்டையே தேடிப் போனார். மாதம் ஆயிரம், வட்டி கிடையாது என்று பேச்சு. மூன்று மாதம் கட்டியாயிற்று.

ரசீது மட்டும் நான் கேட்டு வாங்குகிறேன். அப்பாவுக்கு அது கூச்சம்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை