வாடகை முன்பணமும் நகரசபையின் ஜாமீனும்

கடன் சங்கத்தில் பிறருக்கு ஜாமீன் கையொப்பமிட்ட நம் அங்கத்தினர்களுக்கு இங்கிலாந்து நகரசபைகளின் ஒரு வழக்கம் எளிதில் விளங்கும். அங்கே வாரம் 200 பவுண்டு வாடகையுள்ள வீட்டுக்கு, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான ஐந்து வார வாடகையை முன்பணமாகக் கேட்டால், அதுவே 1,000 பவுண்டாகிறது. வாடகையைத் தவறாது செலுத்தக்கூடிய ஏழைக் குடும்பமும் இத்தொகையை ஒருசேரத் திரட்ட இயலாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இத்தகையோருக்குச் சில நகரசபைகள் ரொக்கத்தைக் கடனாக அளிக்கின்றன. வேறு சில, வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் குறிப்பிட்ட தொகைவரை தாமே ஈடுசெய்வதாக வீட்டுக்காரருக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தருகின்றன. பின்னதே மேலானது என்பது எமது கருத்து. சேதம் நேராத வீட்டுக்கு ஈட்டுச் செலவு இல்லை. ஒரே நிதியைக்கொண்டு பல குடும்பங்களைக் குடியேற்றலாம். குடிவருபவரும் கடனோடு குடித்தனம் தொடங்க வேண்டுவதில்லை.

ஆயினும் வீட்டுக்காரர் சிலர் பத்திரத்தை ஏற்க மறுக்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. ரொக்க முன்பணத்துக்கு 2007 முதல் சட்டப்படி பாதுகாப்புத் திட்டம் உண்டு. தகராறு தீர்க்க அங்கே வழியும் உண்டு. நகரசபையின் எழுத்தோ ஈடு கேட்கும் நாளில்தான் சோதிக்கப்படுகிறது. அன்று வீட்டுக்காரரை மாதக்கணக்கில் அலையவிட்டால், அடுத்த ஏழைக்கு அவ்வீடு கிடைக்குமா? ஜாமீன் எழுதியவர் கைவிரித்தால் நேர்வது என்ன என்பது நாம் அறியாததன்று. எனவே குடிபுகும் நாளிலேயே வீட்டின் நிலையைக் குறித்து இருதரப்பாரும் கையொப்பமிடுதல் வேண்டும். சேதம் மெய்யானால் நகரசபை தாமதமின்றிப் பணம் தந்துவிட்டு, அத்தொகையைக் குடியிருந்தவரிடம் சிறு தவணைகளாக வசூலித்துக்கொள்ளலாம்.