வெடிப்பும் வாய் திறக்கும்!

“காய்ந்த சேறுபோல் ஒரு பலகை. அதில் மரமில்லை, மங்கையில்லை, மன்னனில்லை! இதுவும் ஓவியமா?” என்று ஏளனம் பேசுவோர் இன்றும் உளர். எங்கும் உருவம் தேடுவது அவர்தம் பழக்கம். பழக்கம் அறிவாகிவிடுமா? கேட்கிறோம்!

1915இல் இத்தாலியில் பிறந்த ஆல்பர்ட்டோ புர்ரி, மருத்துவம் பயின்றவர். இரண்டாம் உலகப்போரில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாசில் போர்க்கைதியாய் அடைபட்டிருந்தபோது தூரிகை ஏந்தினார். விடுதலைக்குப்பின் மருத்துவத்திற்குத் திரும்பவில்லை. கோணிக் கந்தலைத் தைத்தார், மரத்தைக் கருக்கினார், பிளாஸ்டிக்கைப் பொசுக்கினார். 1970களில் துத்தநாக வெள்ளையையும் பசையையும் குழைத்துப் பலகைமேல் தடிப்பாய்ப் பூசி உலரவிட்டார். ‘கிரெட்டி’ எனும் புடைப்போவியங்கள் பிறந்தன.

நீர் வற்ற வற்றப் பூச்சு சுருங்கும், அடிப்பலகையோ சுருங்காது. இழுப்பைத் தாங்காத இடமெல்லாம் பிளக்கும். வறண்ட ஏரியின் தரை வெடிப்பதும் இத்தகைய இழுப்பால்தான். மாயமுமில்லை, மந்திரமுமில்லை! “எனில், கலைஞன் எதற்கு?” என்பீர். எவ்வளவு தடிப்பு, எவ்வளவு பசை, வெடிப்பை எந்த நிலையில் நிறுத்துவது என்று முடிவு செய்தது யார்? அவனல்லவா!

1968 சனவரியில் நிலம் நடுங்கியது. சிசிலித் தீவின் ஜிபெல்லினா எனும் ஊர் தரைமட்டமாயிற்று. வேறிடத்தில் புதிய ஊர் எழுப்பினர். அதற்கொரு கலைப்படைப்பு வேண்டுமென அழைக்கப்பட்ட புர்ரி, பழைய ஊரின் இடிபாட்டையே தேர்ந்தார். 1985இல் பணி தொடங்கிற்று. இடிபாடுகள்மீது வெள்ளைச் சிமெண்டு போர்த்தப்பட்டது. 1989இல் நின்ற பணி, அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப்பின், 2015இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 80,000 சதுர மீட்டர்ப் பரப்பு! இடையிடையே ஆள் நடக்கும் பிளவுகள். அவற்றுள் பல, பழைய தெருக்களின் தடங்கள்!

“வீடிழந்தோர் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வாடினரே! அவர்கட்கு வேண்டியது வீடா, வெடிப்பா?” நேர்மையான கேள்வி. காலத்தே வீடு தராத அரசைக் கூண்டில் ஏற்றுக, உடன் நிற்போம். ஆனால், அழிவை மறக்கவிடாது மலைச்சரிவில் கிடக்கும் சாட்சியை ஏன் விரட்டவேண்டும்?

சிலை வைத்திருந்தால் ஒருவர் முகம் நின்றிருக்கும். இங்கோ எல்லோர் தெருவும் கிடக்கிறது. முன்னர்ப் போர்த்திய வெண்மை மழையிலும் வெயிலிலும் மங்கிச் சாம்பலாயிற்று. பிளவுகளில் செடிகள் முளைக்கின்றன. இயற்கை தொடங்கியதை இயற்கையே தொடர்கிறது!

உருவமில்லை என்பீர். ஊரே இல்லை, ஐயா! இல்லாமையைக் காட்ட இன்னும் எவ்வுருவம் வேண்டும்?